பானையும் ஐயமும்: மரண தண்டனை வழக்குகளில் தீர்ப்போர் தெரிவும் நடுநிலையும் – செங்கல்பட்டு வட்டாரச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒருவரின் உயிரைப் பறிக்கும் தீர்ப்பை வழங்குவோர் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர், அவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தால் அதற்கு எந்த மதிப்பு அளிக்கப்படுகிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, சிலப்பதிகாரக் கொலைக்களக் காட்சி, சென்னை மாகாண ஜூரி முறை, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ராஜீவ் காந்தி கொலை வழக்கு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தெரிவு முறையின் தூய்மை மட்டும் நடுநிலையை உறுதி செய்வதில்லை; தீர்ப்போருள் ஒருவருக்கு எழும் ஐயத்திற்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: குடவோலை, ஜூரி, அசெஸர், மரண தண்டனை, நடுவுநிலைமை, மாறுபட்ட தீர்ப்பு.

1. முன்னுரை

இந்தியாவில் ஜூரி முறை இன்று இல்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. ஆகவே ஜூரித் தெரிவு பற்றிய ஆய்வு நமக்குத் தொடர்பற்ற பழங்கதை என்று கருதப்படலாம். ஆனால் ஜூரி மறைந்தாலும் ஜூரி முறை எழுப்பிய வினா மறையவில்லை. ஒருவரைத் தூக்கிலிடலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு, எந்தத் தகுதியால், யாருடைய தெரிவால் வந்தது என்பதே அவ்வினா.

இவ்வினாவை ஆராயப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பொருத்தமான களம். குடவோலைக் கல்வெட்டு அமைந்த உத்திரமேரூர், பல்லவர் துறைமுகமாகிய மாமல்லபுரம், 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட திருப்பெரும்புதூர் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் அம்மாவட்டத்திற்குள் அடங்கியிருந்தன. இன்று மாமல்லபுரம் 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்திலும் மற்ற இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ளன. பத்தாம் நூற்றாண்டின் தெரிவு விதிகளையும் இருபதாம் நூற்றாண்டின் மரண தண்டனை வழக்கையும் ஒரே நிலப்பரப்பில் வைத்துக் காணும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது.

2. உத்திரமேரூர்: கண்மூடிய கை, கண்திறந்த பானை

முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையைக் கல்லில் வெட்டிவைத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதைப் படித்தனர். கைமாற்றுக்கும் கள்ள ஓலைக்கும் இடமளிக்காத ஏற்பாடு இது.

விலக்கு விதிகள் இன்னும் நுட்பமானவை. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தோர் விலக்கப்பட்டனர். பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய தாய்வழி, தந்தைவழி, மணவழி உறவினரும் விலக்கப்பட்டனர். உறவு நடுநிலையைக் கெடுக்கும் என்னும் அறிவு இவ்விதியில் வெளிப்படுகிறது. பிற்கால ஜூரிச் சட்டங்கள் ‘சார்பு’ என்னும் காரணத்தால் ஒருவரை மறுக்க அளித்த உரிமையின் சாரமும் இதுவே.

இவ்வொற்றுமை கருதிக் குடவோலையை ஜூரி முறையின் முன்னோடி என்று சொல்லத் தோன்றும். அது பொருந்தாது. குடவோலையால் தெரிவானவை ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலிய நிருவாகக் குழுக்கள். ஒருவரின் உயிர் குறித்து முடிவெடுக்க அவை குடத்திலிருந்து எடுக்கப்படவில்லை. ஒப்பீடு செய்ய வேண்டியது தெரிவின் விதிகளை மட்டுமே.

அவ்வாறு ஒப்பிடும்போது பெருமிதக் கட்டுரைகள் பெரும்பாலும் கடந்துபோகும் மற்றொரு பகுதி முன்னிற்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி குடத்தில் பெயர் இடம்பெற, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியன வேண்டும். கல்வி மிக்கவருக்கு நில அளவில் சலுகை உண்டு. பிரமதேயமாகிய அவ்வூரில் உழுதோர், நெய்தோர், மாடு மேய்த்தோர், பெண்கள் ஆகியோரின் பெயர் எந்தச் சிறுவனின் கையிலும் வந்திருக்க முடியாது. ஓலையை எடுத்த கை கண்மூடியது. பானையோ கண்திறந்து ஆள் பார்த்தே நிரப்பப்பட்டது. குலுக்கலின் நேர்மை, குலுக்கலுக்கு முன் நிகழ்ந்த விலக்கலை மறைத்துவிடக் கூடாது. தெரிவு முறை எதனை ஆராய்ந்தாலும் யாருடைய ஓலை வந்தது என்பதற்கு முன், யாருடைய ஓலை பானைக்குள் போகவே இல்லை என்று கேட்பது திறனாய்வின் கடமை.

3. கொலைக்களத்தில் எழுந்த ஐயம்

தமிழிலக்கியத்தில் மிகுதியாகப் பேசப்படும் மரண தண்டனை கோவலனுடையது. அக்காட்சியைப் பாண்டியன் நீதியின் பக்கமிருந்து வாசிப்பதே வழக்கம். பிழை தெரிந்ததும் மன்னன் உயிர் நீத்தான். வளைந்த கோல் நிமிர்ந்தது என்பது அவ்வாசிப்பின் சாரம். இவ்வாசிப்பு தண்டனைக்குப் பின் நிகழ்ந்ததைப் பேசுகிறது. தண்டனைக்கு முன் நிகழ்ந்தவற்றை அது பொருட்படுத்துவதில்லை.

தண்டனைக்கு முன் நிகழ்ந்தவை மூன்று. முதலாவது, ஊடிய தேவியை நாடிச் செல்லும் வழியில், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு மன்னன் ஆணையிட்டது. இரண்டாவது, குற்றம் சாட்டியவனே காவலர்க்கு வழிகாட்டியாகவும் உடன் சென்றது. மூன்றாவது, காவலருள் எழுந்த ஐயம். கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்று அவர்களிடையே கருத்து எழுகிறது. பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கி அக்கருத்தை மறுக்கிறான். இளைஞன் ஒருவன் தான் கண்ட கள்வனின் திறமையைக் கதையாகச் சொல்கிறான். வாதம் முடியும் முன்னரே கல்வியறிவற்ற, களிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இக்காட்சியைத் தீர்ப்போர் கூடிப் பேசும் காட்சியாக வாசிக்க இடமுண்டு. காவலர் நீதிபதிகள் அல்லர்; ஆணையை நிறைவேற்ற வந்தவர்கள். எனினும் அவ்வழக்கில் குற்றம் உண்மையா என்று கேட்ட முதல் மனிதர்கள் அவர்களே. அவர்களின் ஐயம் சரியானது என்பதைச் சிலம்பின் பரல்கள் பின்னர் மெய்ப்பித்தன. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு சிலம்பை உடைத்தால் முடிந்திருக்கும் சோதனை உயிர் போன பிறகே நடந்தது. ஐயம் எழுந்தது, ஆனால் ஐயம் எழுந்தால் வாளை நிறுத்த வேண்டும் என்ற விதி இல்லை. கூடியிருந்தோரில் மிகக் குறைவாக ஐயுற்றவன் எவனோ அவனே முடிவு செய்தான்.

காப்பியக் காட்சியை இக்கால நடைமுறைச் சட்டத்தால் அளப்பது காலமுரண் என்ற மறுப்பு எழலாம். இளங்கோ சட்ட விதி வகுத்தார் என்று இங்கே வாதிடப்படவில்லை. ஐயத்தை எழுப்பிக் காட்டி, அது பயனற்றுப் போவதையும் காட்டியது காப்பியத்தின் தேர்வு. வாளை ஓங்கியவனை அது அறிவும் நிதானமும் அற்றவனாகக் காட்டுவது தற்செயல் அன்று. திருக்குறள் நடுவுநிலைமை, செங்கோன்மை ஆகியவற்றுடன் தெரிந்துதெளிதலையும் தனி அதிகாரமாக வைத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. நடுநிலை என்பது தனிமனிதப் பண்பு மட்டுமன்று; ஆளைத் தெரிவதிலும் அது தங்கியிருக்கிறது.

4. ஒரே சட்டம், இரு மன்றங்கள்

தமிழ்நாட்டில் ஜூரி முறை ஆங்கிலேயரோடு வந்தது. 1665இல் சென்னைக் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாவ்ஸ் என்னும் பெண் ஜூரி முன் விசாரிக்கப்பட்டு விடுதலையானது, இந்தியாவில் நடந்த தொடக்ககால ஜூரி விசாரணைகளுள் ஒன்று. இறந்தவள் அடிமை; தீர்ப்பளித்தோரில் அவளுடைய நிலையிலிருந்து வந்தவர் எவருமில்லை. பானை பற்றிய வினா இம்மண்ணின் ஜூரி வரலாற்றில் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் நடைபெறும் மூல விசாரணைகள் அனைத்தும் ஒன்பது பேர் கொண்ட ஜூரியுடன் நடைபெற வேண்டும். மாவட்ட அமர்வு நீதிமன்றங்களில் ஜூரியோ அசெஸர்களோ இருக்கலாம்; எவ்வகைக் குற்றத்திற்கு ஜூரி என்பதை அரசு அறிவிக்கும். சென்னை மாகாண மாவட்டங்களில் ஜூரி பெரும்பாலும் சொத்துக் குற்றங்களுக்கே ஏற்படுத்தப்பட்டது. கொலை வழக்குகள் அசெஸர்களின் துணையுடன் நடைபெற்றன. அசெஸரின் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மயிலாப்பூரில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ஜூரியின் முன் நிற்பார். கடற்கரையோரமாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால், மாமல்லபுரத்தில் அதே குற்றம் சாட்டப்பட்டவர் செங்கல்பட்டு அமர்வு நீதிபதியின் முன், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலையிலிருந்த அசெஸர்களுடன் நிற்பார். இருவருக்கும் பொருந்தும் தண்டனைச் சட்டம் ஒன்று. தூக்குக் கயிறும் ஒன்று. தீர்ப்போர் யார் என்பதை முடிவு செய்தது குற்றம் நிகழ்ந்த இடம்.

திருட்டுக்கு ஊரார் முடிவு சொல்லலாம், கொலைக்கு வேண்டாம் என்னும் இப்பாகுபாட்டில் அரசு தன் குடிமக்கள் மீது கொண்டிருந்த நம்பிக்கையின் அளவு தெரிகிறது. அரசியல் வழக்குகளில் அந்த நம்பிக்கை முற்றிலும் மறைந்தது. 1911இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்ட வழக்கு, 1908ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டத்தின்கீழ், சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளால் ஜூரியின்றியே விசாரிக்கப்பட்டது. மூவரில் சி. சங்கரன் நாயர் கருத்து மாறுபட்டார்.

ஆயினும் ஜூரி பெற்றவர் எல்லாவகையிலும் நற்பேறு பெற்றவர் என்று சொல்ல இயலாது. அமர்வு நீதிமன்றம் விதித்த மரண தண்டனை உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாட்டுக்கு அனுப்பப்பட்டாக வேண்டும். அங்கே சாட்சியம் மறுபடியும் ஆராயப்படும். உயர் நீதிமன்ற ஜூரி விசாரணையில் விதிக்கப்பட்ட தண்டனைக்கு அவ்வுறுதிப்பாடு வேண்டியதில்லை. 1943இல் சட்டம் திருத்தப்படும்வரை பொருண்மைகளின் மீது மேல்முறையீடும் கிடையாது. மாமல்லபுரத்தார்க்குத் தீர்ப்போரின் எண்ணிக்கை குறைவு, மறுபார்வை மிகுதி. மயிலாப்பூரார்க்குத் தீர்ப்போர் மிகுதி, மறுபார்வை குறைவு. இரண்டையும் ஒருங்கே பெறும் உரிமை எவருக்கும் இல்லை.

5. பெரும்பான்மையின் எல்லை: இலட்சுமிகாந்தன் வழக்கு

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் தாக்கப்பட்டு இறந்த இதழாளர் இலட்சுமிகாந்தனின் கொலை வழக்கு மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டோடு உயர் நீதிமன்றத்தில் ஜூரியின் முன் நடைபெற்றது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் ஆகியோர் நாடறிந்த திரைக்கலைஞர்கள். இலட்சுமிகாந்தனோ அத்திரையுலகின் அந்தரங்கங்களை எழுதியே பெயர் பெற்றவர். இவ்வழக்கில் முன்கருத்து இல்லாத ஒன்பது பேரைச் சென்னையில் தேடுவது எளிதாக இருந்திருக்க முடியாது. புகழும் வெறுப்பும் ஒருசேரப் பானைக்குள் இருந்தன.

ஜூரி பெரும்பான்மையால் குற்றவாளிகள் என முடிவு கூறியது. 1945இல் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தள்ளுபடியானது. இலண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடியும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

அன்றைய சட்டப்படி ஒன்பது பேரில் அறுவர் கருத்தொருமித்து நீதிபதியும் உடன்பட்டால் முடிவு செல்லும். மற்ற மூவரின் ஐயத்திற்குச் சட்டத்தில் விளைவு ஏதுமில்லை. பெரும்பான்மை கண்டது நிலைக்கவில்லை என்பதை 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியது. 1943ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இவ்வழக்கு நடந்திருந்தால் பொருண்மைகளின் மீது மேல்முறையீடு செய்யவே வழி இருந்திராது. தண்டனை தீவாந்தரமாக அமைந்ததால் திருத்தம் செய்யக் காலம் இருந்தது. தூக்காக இருந்திருப்பின் மேல்முறையீட்டின் இரண்டாண்டு நடையில் விடுதலைத் தீர்ப்பைப் பெற்றுக்கொள்ள ஆள் இருந்திருப்பார் என்று உறுதி கூற முடியாது.

ஜூரியின் பிழை குற்றவாளி என்னும் திசையில் மட்டும் நிகழ்வதன்று. 1959ஆம் ஆண்டின் நானாவதி வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமில்லை என்றது. உயர் நீதிமன்றம் அதைப் புறக்கணித்துத் தண்டித்தது. 1958இல் சட்ட ஆணையத்தின் 14ஆவது அறிக்கை ஜூரி முறையை நீக்கப் பரிந்துரைத்திருந்தது. ஜூரி நீங்கியதும் சார்பும் நீங்கும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

6. திருப்பெரும்புதூரிலிருந்து பூந்தமல்லிக்கு

அந்த எதிர்பார்ப்பைச் சோதித்த வழக்கு இதே மண்ணில் பிறந்தது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் காவலர் உள்ளிட்ட பலரும் கொல்லப்பட்டனர். அக்கொடுமையின் அளவைக் குறைத்துக் காட்டும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. கொடுமையின் அளவு மிகும்போதே தீர்ப்போரின் நடுநிலைக்கு நேரும் சோதனையும் மிகுகிறது என்பதே இங்கு கருதத்தக்கது.

வழக்கு தடா சட்டத்தின்கீழ்ப் பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில் மூடிய அறையில் நடைபெற்றது. அச்சட்டப்படி தனி நீதிமன்ற நீதிபதியை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவோடு அரசு நியமிக்கும். காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலம் சான்றாகும். மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்திற்குச் செல்லும். உயர் நீதிமன்றத்தின் மறுபார்வை என்னும் ஒரு படி இவ்வாறு நீங்கியது. பழைய மாமல்லபுரத்தார்க்கு இருந்த காப்பு இங்கே இல்லை. மயிலாப்பூரார்க்கு இருந்த ஜூரியும் இல்லை.

1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையும் நால்வருக்கு மரண தண்டனையும் விதித்தது. தடா குற்றங்கள் இவ்வழக்கில் நிலைக்கவில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, தடாவின்கீழ்ப் பெறப்பட்ட வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்றது. நளினிக்கு மரண தண்டனை கூடாது என்று மூவரில் நீதிபதி கே.டி. தாமஸ் மாறுபட்டார், இருவரின் கருத்தே தீர்ப்பாயிற்று. பின்னர் நளினியின் தண்டனை ஆளுநரால் 2000இல் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் தண்டனை, கருணை மனுத் தாமதம் காரணமாக, 2014இல் குறைக்கப்பட்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி வி. தியாகராசன், அவருக்குச் சாதகமான பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2022இல் எஞ்சிய எழுவரும் விடுதலையாயினர்.

26, நான்கு, சுழி என்று இறங்கிய இவ்வெண்ணிக்கையை நீதித்துறை தன்னைத் திருத்திக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மேல்முறையீடு 22 பேரைத் தூக்கிலிருந்து மீட்டது. ஆயினும் நால்வர் பிழைத்தது விசாரணையின் திறத்தால் அன்று, அதன் பின்விளைந்த காலத்தாழ்வாலும் கருணை அதிகாரத்தாலும். காலத்தாழ்வு நடுநிலைக்கு மாற்றாகாது.

7. ஐயத்திற்கு இடம்

தெரிவு முறையை மிக விரிவாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. மரண தண்டனைக்குப் பொதுவாக எதிர்ப்புக் கூறியதற்காகவே ஜூரர்களை விலக்கி அமைத்த ஜூரி, மரண தண்டனை விதிக்க இயலாது என்று 1968இல் விதர்ஸ்பூன் வழக்கிலும், நிறம் கருதி ஜூரரை நீக்கக் கூடாது என்று 1986இல் பாட்ஸன் வழக்கிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. கடுங்குற்றங்களில் ஜூரி ஒருமனதாக முடிவு செய்தாலன்றித் தண்டிக்க இயலாது என்று 2020இல் ராமோஸ் வழக்கில் வரையறுத்தது. எனினும் 2023இல் புளோரிடா மாநிலம், பன்னிருவரில் எண்மர் பரிந்துரைத்தாலே மரண தண்டனை விதிக்கலாம் எனச் சட்டமியற்றியது. பானையைத் தூய்மை செய்த நாட்டிலும் ஐயத்திற்கான இடம் இன்னும் உறுதிப்படவில்லை.

இந்தியாவில் ஜூரித் தெரிவு இல்லை. அமர்வுத் தெரிவு உண்டு. எவ்வழக்கு எந்த நீதிபதிகளிடம் செல்கிறது என்பது தலைமை நீதிபதியின் பணி ஒதுக்கீட்டைச் சார்ந்தது. மரண தண்டனை குறித்த நீதிபதிகளின் மனப்பாங்கு வேறுபடுவதால் தண்டனை தற்போக்காக அமைகிறது என்பதை 2015இல் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கை விரிவாகப் பேசியது. 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மரண தண்டனை வழக்குகளை மூவருக்குக் குறையாத அமர்வு கேட்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் மூவரில் இருவர் போதும் என்ற நிலை மாறவில்லை. 2002ஆம் ஆண்டின் தேவேந்தர் பால் சிங் புல்லர் வழக்கில் மூவரில் ஒரு நீதிபதி, குற்றமே மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலை அளித்தார். இருவர் கருத்தால் மரண தண்டனை உறுதியாயிற்று. சட்டம் பயின்று, சாட்சியம் முழுவதையும் கேட்ட நீதிபதி ஒருவர் குற்றமே இல்லை என்று எழுதும்போது, ‘ஐயத்திற்கு இடமின்றி’ என்னும் அளவுகோல் நிறைவேறிவிட்டதாகக் கொள்வது எவ்வாறு?

ஒருமனதை வற்புறுத்தினால் ஒரே ஒருவரின் மனப்பாங்கு சட்டத்தை முடக்கிவிடும் என்ற வாதம் கருதத்தக்கதே. ஆனால் இங்கே கோரப்படுவது குற்றத் தீர்ப்புக்கான ஒருமனம் அன்று. மரண தண்டனைக்கான ஒருமனம். ஒருவர் மாறுபட்டால் குற்றவாளி விடுதலையாக மாட்டார். ஆயுள் தண்டனை நிலைக்கும். மீட்கத்தக்க தண்டனைக்குப் பெரும்பான்மையும் மீட்க முடியாத தண்டனைக்கு முழு ஒருமனமும் என்பது ஏற்கத்தக்க வரையறையே.

8. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, தெரிவின் நேர்மையைக் குலுக்கலில் மட்டும் தேடாமல், குலுக்கலுக்கு முன் நிகழும் விலக்கலிலும் தேட வேண்டும்; உத்திரமேரூர்க் கல்வெட்டு இவ்விரண்டையும் ஒரே கல்லில் காட்டுகிறது. இரண்டாவது, ஜூரியோ நீதிபதியோ நடுநிலைக்குத் தாமே உத்தரவாதம் ஆவதில்லை; தீர்ப்போரின் எண்ணிக்கையும் மறுபார்வையின் படிகளும் சேர்ந்தே காப்பாகின்றன. மூன்றாவது, தீர்ப்போருள் எழும் ஐயத்திற்குச் சட்ட விளைவு இருக்க வேண்டும்.

குடவோலை பற்றிய நம் ஆய்வுகள் ‘இது மக்களாட்சியா, அன்றா’ என்னும் வழக்காட்டிலேயே நெடுங்காலம் தங்கிவிட்டன. அக்கல்வெட்டை எழுதியோர் கணக்குக் காட்டாதவனின் மைத்துனனையும் ஐயுற்றவர்கள். ஏரியையும் தோட்டத்தையும் காக்க அவ்வளவு ஐயம் வேண்டியிருந்தது என்றால், ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்தில் ஒரு நீதிபதியின் ஐயம் எண்ணிக்கையில் தோற்றுப் போவதை ஏற்க இயலாது. மதுரைக் காவலரின் ஐயம் வாளின் வேகத்தில் தோற்றது. நம் காலத்தில் அது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கிறது.